மாற்றுச் சேலை

“கோர்ட்டு விவகாரம் உனக்கு எதுக்குடி? ஜல்தி சோத்தப் போடு, வேலூர் பஸ்ஸு பூடும்!”

பட்டு வியாபாரி தணிகாசலம் சீறினார். மனைவி கிருஷ்ணம்மாள் விடவில்லை.

“அந்தச் சேலைய இன்னிக்கு மெட்ராசுக்கு சோதனைக்கு அனுப்புறாங்களாமே! நீங்க சும்மா குந்திகினு கீறீங்களே!”

“எனக்குத் தெரியும். உன் ஓட்ட வாயில எதையும் போட முடியாது.”

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கள்ள ஜரிகைச் சேலையை அசல் என்று விற்றதாக வந்தவாசிக்காரர் ஒருவர் போட்ட வழக்கு. சேலை ஆரணி கோர்ட்டு அலமாரியில் இருந்தது. சோதனையில் குட்டு உடைந்தால் ஜெயில்தான். அதற்காகவே அதே அரக்கு நிறம், அதே மாங்காய்க் கரையில், அசல் வெள்ளி ஜரிகை போட்டு இன்னொரு சேலையை வீட்டுத் தறியில் நெய்ய வைத்திருந்தார். கோர்ட்டு குமாஸ்தாவைச் சரிக்கட்டி மாற்றிவிடத் திட்டம். அதுவரை கிருஷ்ணம்மாளுக்கும் தெரியும்.

கிருஷ்ணம்மாள் பீரோவைத் திறந்தாள். சேலை அங்கேயே இருந்தது. அப்படியென்றால் இன்னும் மாற்றவே இல்லை! இந்த மனுஷன் எதைத்தான் வேளையோடு செய்தார்!

தம்பி ராஜவேலுவுக்கு ஆள் அனுப்பினாள். அவன் அதே கோர்ட்டில் டவாலிச் சேவகன்.

“அக்கா, மாட்டிகினா உத்தியோகம் பூடும். என்னையும் உள்ள தள்ளிடுவாங்க.”

“உன் மாமா உள்ள போனா என் கதி இன்னாடா? மாத்திக் குடு. உன் பொண்ணு முகூர்த்தப் பட்டு என் பொறுப்பு.”

“அசல் ஜரிகையாக்கா?”

“உனக்கு மட்டும் அசல்டா!”

மத்தியானமே கோர்ட்டுச் சேலையோடு வந்துவிட்டான்.

“மாத்திட்டேன்க்கா. நீ குடுத்தத சீல் வெச்சு மெட்ராசுக்கு அனுப்பிட்டாங்க.”

புதுசில் கள்ள ஜரிகையும் அசலைப் போலத்தான் மின்னும். அதை நம்பித்தானே தணிகாசலம் தொழிலே நடத்தினார்! கிருஷ்ணம்மாள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பில் திணித்துக் கொளுத்திய பிறகுதான் அவளுக்கு நிம்மதி வந்தது.

சாயங்காலம் தணிகாசலம் அல்வாவும் மல்லிகைப்பூவுமாக வந்தார்.

“பார்சல் பூட்ச்சாம்! இனிமே உன்கிட்ட சொல்லலாம். குமாஸ்தா போன வாரமே சேலைய மாத்திக் குடுத்துட்டாரு. பீரோவுல கீறது கோர்ட்டுலேர்ந்து வந்த கள்ள ஜரிகை. எட்த்துகினு வா, எரிச்சிடலாம். வெறும் கரிதான் மிஞ்சும்.”

கிருஷ்ணம்மாள் மெல்ல அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பலுக்குள் அசல் வெள்ளி பளபளத்தது.