நான்காவது ஆள்

அவள் கை நெம்புகோலின் மேல் இருந்தது. அதை இழுத்தால் கப்பலின் உள்கதவு திறக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றாள்.

உயிரோடு.

பதினோரு நாளாக அவள் வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான். எந்தச் சாமி என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த நிலவின் சுரங்க முகாமில் ஒன்பது பேர் இருந்தார்கள். அக்கா ஒருத்திதான் மிச்சம். மற்ற எட்டுப் பேரையும் அது கொன்றிருந்தது. அவசரமே இல்லாமல், நாளுக்கு ஒருவராக. கொல்வதற்கு முன்னால் விளையாடியிருக்கிறது என்று டாக்டர் ரெஜினா முகாமிலிருந்து சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பெயர் கிடையாது. உருவமும் கிடையாது. எதற்குள் போய் இருந்துகொள்கிறதோ, அதுதான் அப்போதைக்கு அதன் உருவம்.

மீட்கப் போனவர்கள் மூன்று பேர். டாக்டர், கேப்டன் அருளானந்தம், எஞ்சினியர் தணிகாசலம். அவள் விமானி, கப்பலை விட்டு இறங்கக் கூடாது.

மூன்று பேராகக் கிளம்பவே கூடாது என்று தணிகாசலம் ஒற்றைக்காலில் நின்றான். பூமியை விட்டு இத்தனை கோடி மைல் வந்த பிறகும் மூன்று ஆகாதாம். பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்வது போல ஒரு கல்லையாவது நான்காவது ஆளாகக் கூட்டிப் போக வேண்டுமாம். கப்பலில் கல்லுக்கு எங்கே போவது? அவளே ஒரு போல்ட்டைத் தேடி எடுத்து கேப்டன் பையில் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன்தான் அதிகம் சிரித்தார்.

கேப்டன் திரும்பவில்லை. முகாமின் ஏணியில் இறங்கும்போது அவர் குரல் பாதியில் நின்றது.

சேமிப்பு அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்த அக்காவைக் கதவை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஆக, திரும்புகிறவர்கள் மறுபடியும் மூன்று பேர். போல்ட் கேப்டனோடு போய்விட்டது.

தணிகாசலம் குனிந்து தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தான்.

அவள் அதைக் கேமராவில் பார்த்தாள். தடுக்கவில்லை. அவன் எடுக்காமல் கிளம்பியிருந்தால் அவளே ஞாபகப்படுத்தியிருப்பாள்.

வெளிக்கதவைத் தாண்டி உள்ளே வந்ததும், இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள சின்ன அறையின் தரை மூவரையும் கல்லையும் சேர்த்து எடை போட்டது. இருநூற்று அறுபத்தொரு கிலோ, நானூறு கிராம்.

நிலவின் மண் ஒரு பொட்டுகூடக் கப்பலுக்குள் வரக் கூடாது என்பது விதி. கல்லை வெளியே போடச் சொன்னாள். தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்து வீசினான். கல் தூரத்தில் போய் விழுந்ததை அவளே பார்த்தாள்.

கதவு மூடியது. அறையில் காற்று நிரம்பியது. மூவரும் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். டாக்டர் அழுதார். அக்கா பாதியாக இளைத்திருந்தாள். தங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் நெம்புகோலைப் பிடித்தாள். வேலைப் பழக்கத்தில் எடையை ஒருமுறை பார்த்தாள்.

இருநூற்று அறுபத்தொரு கிலோ, நானூறு கிராம்.

ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

கருவி கெட்டிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்க ஆசையாக இருந்தது. தணிகாசலத்தின் தலைக்கவசத்தைச் சுவர்க் கொக்கியில் மாட்டச் சொன்னாள். மாட்டினான். தலைக்கவசம் எவ்வளவோ, சரியாக அவ்வளவு குறைந்தது.

கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

கையுறைகளை உதறச் சொன்னாள். பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். எதிலும் எதுவும் இல்லை. இன்னும் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது என்று தணிகாசலம் கடுகடுத்தான். பசிக்கிறது என்றான். கேப்டன் வீட்டுக்கு யார் சொல்வது என்று டாக்டர் கேட்டார். அவன் அவனாகவே இருந்தான். அவரும் அவராகவே இருந்தார். அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

எல்லோரும் கொஞ்சம் அசையாமல் நில்லுங்கள் என்றாள்.

அசையாமல் நின்றார்கள்.

பத்து கிராம் கூடியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பத்து.

தணிகாசலம் கதவைத் தட்டினான். முதலில் மெதுவாக. பிறகு உள்ளங்கையால். டாக்டரும் வந்து சேர்ந்துகொண்டார்.

அக்கா தட்டவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் மறைக்க முடிந்ததைக்கூட அக்காவிடம் அவளால் ஒருநாளும் மறைக்க முடிந்ததில்லை. எண் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு எண் தேவைப்படவில்லை.

இருவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பேசும் பொத்தானை அழுத்தினாள்.

“பாப்பா, அங்க எட்டுப் பேரும் என் கதவைத் தட்டினாங்க. ஒவ்வொருத்தரா. என் பேரைச் சொல்லி அழுதாங்க. நான் திறக்கல. அதான் இருக்கேன்.”

பொத்தானை விட்டாள்.

தணிகாசலத்தின் தோளைத் தொட்டு, போதும் என்று ஏதோ சொன்னாள். அவன் கேட்கவில்லை. அக்கா கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அவள் நெம்புகோலிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.