டயாலிசிஸ் அறையில் ஒரு மனு

பிற்பகல் வெயில் ஜன்னல் கண்ணாடி வழியாக வந்து, ரத்தம் ஓடும் குழாய்களின் மேல் விழுகிறது. டயாலிசிஸ் இயந்திரங்கள் விடாமல் உறுமுகின்றன. பாதி நேரத்திலேயே கழற்றி அனுப்பாதீர்கள், நோயாளிகளை வாடா போடி என்று விரட்டாதீர்கள் என்று மகள் எழுதிய மனு கட்டில் கட்டிலாகப் போய் வந்துவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட ஒரு கையும் நீளவில்லை. கடைசிக் கட்டிலில் கிடப்பது அவளைப் பெற்றவள். “நீயாவது போடும்மா.” “பொழைக்கத் தெரியாதவளே, நாளன்னைக்கும் அந்த நர்ஸம்மாதான்டி எனக்கு ஊசி குத்தணும். கோவத்துல நரம்பு மாத்திக் குத்துனா உன் காலேஜ் பட்டமா வந்து வலி தாங்கும்?” பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடியபடியே சிரிக்கிறார். “பூனைக்கு மணி கட்டலாம் பாப்பா. எலியெல்லாம் குழாயில மாட்டியிருக்கே!” செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தச் சிரிப்பும் அடங்கிவிடுகிறது. நர்ஸ் வந்து, பாதி நேரமே ஓடியிருக்கும் அம்மாவின் இயந்திரத்தை நிறுத்துகிறாள். “எந்திரி, வெளிய அடுத்த ஆள் நிக்குது. அது என்ன பேப்பரு?” அம்மாவின் வீங்கிய கையை நர்ஸ் பிடித்திருப்பதைப் பார்த்ததும் மகள் மனுவை நான்காக மடிக்கிறாள். “ஒண்ணுமில்ல சிஸ்டர், ஒரே புழுக்கமா இருக்கு” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, அதைக் கொண்டே அம்மாவுக்கு விசிறத் தொடங்குகிறாள்.