சமரசம் முறியும் நாள்

அரசோடு யாருக்குத் தகராறு என்றாலும், முதலில் சமரசப் பெட்டி என்ற பேசும் இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார வேண்டும். ஓர் அமர்வு முழுக்க ஏதாவது ஒரு தரப்பு துளி நல்லெண்ணம்கூடக் காட்டாவிட்டால் மட்டுமே சமரசம் முறியும். அதுவரை எந்த ஆணையும் செல்லாது.

அதனால்தான் முப்பிடாதியின் மெஸ்ஸை இடிக்கும் ஆணை, ஆணையர் திருவருட்செல்வனின் பையிலேயே வருடக்கணக்கில் கிடந்தது. இன்று முறித்தே தீருவது என்று வாசலில் புல்டோசரை நிறுத்திவிட்டு, மாநகராட்சியின் மொத்த கம்பீரத்தையும் முகத்தில் ஏற்றிக்கொண்டு மெஸ்ஸுக்குள் வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏன் சார், வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு வந்திருக்கியளா?" என்றாள் முப்பிடாதி, எதிரே தன் இலையில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டபடியே.

ஆணையர் சுவரைப் பார்த்தார். அமர்வு முடியப் போகும் நேரத்தில் அவளுக்குப் புரையேறியது. கண் பிதுங்க இருமினாள்.

ஆணையர் பாய்ந்துபோய் அவள் உச்சந்தலையில் தட்டினார். "மெதுவாம்மா, மெதுவா! தண்ணியக் குடிங்க!"

"நல்லெண்ணம் பதிவானது," என்றது மேசைமேல் இருந்த பெட்டி. "சமரசம் தொடர்கிறது."

ஆணையர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த புல்டோசர் தம்பியையும் கூப்புடுங்க சார். ரெண்டு எலயாப் போட்டுருதேன்."