பழைய நடை

விமான நிலைய வாயில் ஆட்களை நடையை வைத்தே அடையாளம் கண்டது. சிறுவயதில் முறிந்த முழங்காலோடு மருதையன் சாய்ந்து நடந்ததுதான் கடவுச்சீட்டில் பதிவாகியிருந்தது. கட்டடச் சாரத்தில் ஏற வேண்டுமென்று துபாய் கம்பெனி அந்தக் காலை அறுவை செய்து நேராக்கிவிட்டது.

ஊர் திரும்பி இறங்கியவனுக்கு வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாம் முறை நொண்டுவதுபோல் நடித்தான். வாயில் ஏமாறவில்லை. மூன்றாவதும் தவறினால் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் அப்பா ஐஸ் பெட்டியில் கிடந்தார். கொள்ளி வைக்க மூத்த மகனுக்காகக் காத்திருந்தார்கள்.

துபாயில் அவனோடு ஆறு வருஷம் ஒரே அறையில் தங்கி, இப்போது கூடவே வந்திருந்த காதர் மொய்தீன், கழிவறைச் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றினான்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடு மாப்ள."

"நீ பேசப் பேசத்தான் பயமா இருக்கு. அடிடா."

முதல் அடியில் தோல்தான் கிழிந்தது.

"சோறு திங்கலையாடா நீ?" என்று மருதையன் கத்தினான்.

அடுத்த அடியில் முழங்கால் பக்கவாட்டில் திரும்பியது. காதர் ரத்தத்தைத் துடைத்து, சுருட்டியிருந்த பேண்ட்டை இறக்கிவிட்டு, கழிவறை வாசலில் நின்று பார்த்தான். மருதையன் உதட்டைக் கடித்தபடி பன்னிரண்டு அடி நடந்தான். பச்சை விளக்கு எரிந்தது.

காதர் உருளையை மாட்டத் திரும்பினான். சிவப்பு விளக்கு வாங்கிய நான்கு பேர் அவன் பின்னாலேயே உள்ளே வந்தார்கள்.

"அத மாட்டிடாதீங்க பாய்," என்றார் முன்னால் நின்ற பெரியவர். "எனக்கு இடுப்ப மாத்திட்டாங்க. வலது பக்கம்."