மெனு இன்னும் சுத்துது

எழுந்தேன். பல் தேய்த்தேன். ஒரே ஒரு டம்ளரைக் கழுவிக் காப்பி போட்டேன். லேப்டாப்பைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"இன்னைக்கும் உங்க மெனு சுத்திக்கிட்டே இருக்கு, மாப்பிள்ளை."

அத்தை. என் மனைவியின் அம்மா. ஊருக்கு வெளியே செடி நர்சரி வைத்திருக்கிறார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை."

"பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா? அது திறக்கறதுக்குள்ள விதை போட்டா முளைச்சிடும். இதுக்கா கம்பெனிக்காரன் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறான்?"

"கம்பெனி வேலை வேற அத்தை. இது உங்களுக்காகச் சும்மா செய்யறது."

"சும்மா செய்யறதுன்னாதான் இந்த லட்சணமா?"

நர்சரியின் இணையதளத்தை உருவாக்கியவள் என் மனைவி. மெனுவில் ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பக்கத்திலும் அவள் எடுத்த படம் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் பக்கத்தைத் திறந்ததுமே அத்தனை படங்களும் வரிசையாக இறங்க ஆரம்பிக்கும். அதுவரை மெனு வராது. வட்டம்தான் சுற்றும். சுத்துது, சுத்துது என்று அவளே தன் அம்மாவிடம் அலுத்துக்கொள்வாள். சரிசெய்ய அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவள் இறந்த பிறகு நான் படுக்கையை விட்டு எழவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களின் அழைப்பை எடுப்பதையும் நிறுத்தினேன். அத்தை அப்படிக் கேட்கவில்லை. மெனு சுத்துது என்றார். அதற்குப் பதில் சொல்ல முடிந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் கூப்பிடுகிறார். எடுக்கும்வரை விடமாட்டார். இந்த வீட்டில் ஒரு நாளில் நான் கேட்கும் குரல் அது ஒன்றுதான்.

உண்மையில் அது அரை நாள் வேலை. முதலில் பெயர்கள் மட்டும் வர வேண்டும். விரல் பட்ட பிறகுதான் அந்தச் செடியின் படம் இறங்க வேண்டும். நானோ நிரலில் ஒரு நாளைக்கு ஒரு வரியை மாற்றிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டால் அவர் எதற்குக் கூப்பிடுவார்?

அடுத்த வாரம் ஒரு நாள், சோதித்துப் பார்ப்பதற்காகத் தளத்தையே கழற்றி வைத்திருந்தேன். யார் திறந்தாலும் வெறும் வெள்ளைத் திரைதான் வரும். அன்றும் கூப்பிட்டார்.

"நேத்து மாதிரியேதான் மாப்பிள்ளை. சுத்துது."

அவர் போனில் பழைய பிரதி தங்கியிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில், புரியாத எதற்கும் நாங்கள் சொல்லும் காரணம் அது.

"போன்ல பழசு தங்கியிருக்கு அத்தை. அதை அழிச்சிட்டுப் பாருங்க."

"அழிச்சிட்டேன்."

"அதுக்குள்ளயா? பேசிக்கிட்டேவா?"

"ஏன், எனக்கு ரெண்டு கை இருக்குல்ல?"

போனை வைத்துவிட்டுத் தளத்தை மறுபடி மாட்டினேன். மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் நர்சரியின் மெயிலுக்கு எழுதியிருந்தார். பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது, பொறுத்துப் பார்த்து வேறு இடத்தில் வாங்கிவிட்டேன் என்று.

எனக்கு ஒரு குரல் வேண்டும் என்பதற்காக அத்தையின் பிழைப்பில் கை வைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் முடித்தேன். மனைவி எழுதிய வரிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. படங்கள் மட்டும் இருந்தன. மெனு கண் இமைப்பதற்குள் திறந்தது. வேகமாகத் திறக்கிறது என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் துவைத்த துணிகள் கிடந்தன.

மறுநாள் போன் அடித்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"முடிச்சிட்டேன் அத்தை. இனிமே சுத்தாது. தினம் என்னைக் கூப்பிட்டுத் திட்டற வேலை உங்களுக்கு மிச்சம்."

அந்தப் பக்கம் யாரோ தொட்டிகளை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இல்லையே மாப்பிள்ளை. இங்க சுத்துதே."

"சுத்த வழியே இல்லை அத்தை. அந்த வட்டத்தையே எடுத்துட்டேன்."

"சின்னதா சுத்துது."

"சரி, இப்போ உங்க ஸ்கிரீன்ல என்ன தெரியுது? மேலேருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"செடி."

"என்ன செடி?"

"பச்சையா இருக்கு."

"அத்தை, விரல் வெச்சாத்தான் படம் வரும். முதல்ல வெறும் பேருதான் வரும்."

தொட்டி நகரும் சத்தம் நின்றுவிட்டது.

"லைன்ல இருக்கீங்களா அத்தை?"

"இருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு அதைத் திறக்கவே தெரியாது, மாப்பிள்ளை."