ஆரஞ்சுத் தோல் போட்ட பருப்பு

பருப்பில் மிதந்ததை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார் போர்மேன்.

"இது என்ன?"

"ஆரஞ்சுத் தோல், மாமா," என்றாள் மருமகள்.

"குப்பைக்குப் போக வேண்டியது பருப்புக்கு எப்படி வந்துச்சு?"

"பொடிசா நறுக்கிப் போட்டா வாசமா இருக்கும்னு..."

வாசமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். முகத்தை மட்டும் இளக்கவில்லை.

பட்டறையில் முப்பது வருஷம் போர்மேன். ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எதிலும் அளவு வேண்டும், ஒழுங்கு வேண்டும் அவருக்கு. மூன்று மாதமாக வீட்டு அடுப்படியில் இரண்டுமே இல்லை.

மருமகள் கொண்டைக்கடலையைத் தேயிலைத் தண்ணீரில் வேக வைத்தாள். தர்பூசணியின் வெள்ளைத் தோலை வதக்கினாள். முட்டையில் பட்டைத்தூள். கீரையில் சர்க்கரை! சிலது நாக்கைச் சப்புக்கொட்ட வைத்தது. சிலதை நாய்கூட முகர்ந்து பார்க்காது.

எது கேட்டாலும் ஒரே பதில். "புதுசா பண்ணிப் பார்த்தேன் மாமா."

ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆரஞ்சுத் தோலை இத்தனை பக்குவமாகப் போடத் தெரிந்தவள், மறுநாளே உப்பை எப்படி இரண்டு தரம் போடுவாள்?

"ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சு?" என்று மகனைக் கேட்டார்.

"ஆசையா சமைக்கிறாப்பா. சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

"என் வயிறு என்ன பட்டறையாடா, கண்டதைப் போட்டு அடிச்சுப் பார்க்க?"

ஞாயிற்றுக்கிழமை பழைய பட்டறைக் கூட்டாளிகள் நாலு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. மனைவியின் கைப்பக்குவத்தைச் சொல்லிச் சொல்லியே பட்டறையில் பீற்றிக்கொண்டவர் அவர். மானம் போகக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை உங்க அத்தைதான் சமைப்பா. தனியா. நீ அடுப்படிப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

மருமகள் முகம் வெளிறியது. "மாமா, காய் மட்டும் நறுக்கிக் கொடுத்துட்டு..."

"கூடாது."

"பக்கத்துல சும்மா நிக்கிறேனே."

"நின்னா உன் கை சும்மா இருக்காது."

மனைவி பக்கம் திரும்பினார். "என்ன, சமைச்சிடுவே இல்ல?"

"நானா? தனியாவா?"

நாற்பது வருஷமாகச் சமைக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? போர்மேனுக்குத் தலை கிறுகிறுத்தது.

"இல்ல, ஊரைக் கூட்டி வச்சு சமை!"

ஞாயிறு காலை மருமகளையும் மகனையும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளப்பிவிட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

மதியம் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கறி வந்தது. கறுப்பாக. வெல்டர் முதல் வாயிலேயே நிறுத்தினார்.

"என்னப்பா, கறியில காப்பி வாசம் அடிக்குது?"

போர்மேன் அள்ளி வாயில் போட்டார். காப்பித்தூள்தான். சந்தேகமே இல்லை.

அடுப்படி வாசலில் மனைவி. ஒரு கையில் மிளகுத்தூள் டப்பா, மறு கையில் காப்பித்தூள் டப்பா. இதைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள்.

"நான்... மிளகுதானே..."

"காப்பித்தூள் நான்தான் போட்டேன் மாமா!"

தெருவாசலில் மருமகள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது. வெளியே மகன் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"கிளம்பறப்போ மிளகுத்தூள்ல கலந்து வச்சுட்டேன் அத்தை. கறிக்கு நல்லா இருக்கும்னாங்க."

மனைவியின் தோள் தளர்ந்து இறங்கியது. "நீயாடி! என் கைதான் தப்பிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்."

"உங்க கையாவது தப்பறதாவது!"

லேத்துக்காரர் தட்டை நீட்டினார். "யார் போட்டா என்ன? ருசியாத்தான் இருக்கு. இன்னும் நாலு துண்டு வைங்க. சாப்பிட்டப்புறம் தனியா காப்பி வேற போட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். போர்மேன் சிரிக்கவில்லை.

கணக்கு உதைத்தது. காலையில் மிளகுத்தூள் டப்பா காலி. மருமகள் போன பிறகு அவரே கடைக்குப் போய் மிளகு வாங்கி, அவரே இடித்து நிரப்பினார். இவள் எதில் கலந்தாள்?

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனார். மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மிளகு நீ போனப்புறம் நான் இடிச்சது. நீ எதையும் கலக்கல. செய்யாததைச் செஞ்சேன்னு ஏம்மா சொன்னே?"

மருமகள் குழாயை மூடினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அத்தை வெல்டருக்குக் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள், எந்த வயதில் கற்றுக்கொண்ட பக்குவம் என்று கதை சொல்லியபடி.

குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைக்கு மூணு மாசமா மறதி மாமா. டாக்டர்கிட்ட கேட்டேன், அடுப்படியை விட்டா ஒடிஞ்சு போயிடுவாங்க, பக்கத்துல ஆள் இருக்கட்டும்னாரு. பத்துல ஒண்ணுதான் அத்தை கைத்தப்பு. மத்த ஒன்பதும், அந்த ஒண்ணு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதுன்னு நானா போட்டது."