முட்டைக்கோழி ஆராய்ச்சி

"மடியிலயே வச்சுக்க, சூடு படக்கூடாது. ஜல்தி கெளம்பு," என்றான் அந்த இளைஞன்.

அவன் நீட்டிய சின்ன டப்பாவை டயானா இரண்டு கையாலும் வாங்கி, துப்பட்டாவால் போர்த்திக்கொண்டாள். திண்டிவனம் பஸ் நிலையத்தில், மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குப் பின்னால், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்த அவள் அப்பா பாக்கியசாமி அதை எட்டிப் பார்த்தார்.

கேள்விப்பட்டது பொய்யில்லை. விலங்கியல் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து இங்கே வந்து ஒரு பையனைப் பார்க்கிறாள் என்று மூன்று பேர் அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதனால்தான் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்திருந்தார்.

வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும் முகையூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மனசில் யாராவது இருந்தால் சொல்லிவிடு என்று போன வாரம்தான் மகளைக் கேட்டார். படிப்பு முடியட்டும் என்று நழுவிவிட்டாள். இப்போது முகையூர்க்காரர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

பொறுக்க முடியாமல் அவர்கள் எதிரில் போய் நின்றார்.

"டப்பாவுல இன்னா இருக்குது?"

டயானா திடுக்கிட்டாள். பிறகு மூடியைத் திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, ஓடு கட்டாத கோழிமுட்டைக் கருக்கள் மஞ்சளும் வெள்ளையுமாகத் திராட்சைக் குலை போல் கிடந்தன.

"எங்க கடையில முட்டைக்கோழி அறுக்கறோம் சார்," என்றான் அந்த இளைஞன், சட்டென்று கைகட்டி. பெயர் இனியவன் என்றான். "மேடம் ஆராய்ச்சிக்குக் கேட்டாங்க."

பாக்கியசாமி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் டப்பா தப்பியதே பெரிய விஷயம். அப்புறம் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, கரு குலுங்கக் கூடாது என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் மாட்டு வண்டி போல ஊர்ந்து, விழுப்புரம் போய்ச் சேர்ந்தார். கல்லூரி ஆய்வகத்துக்குள்ளும் கூடவே நுழைந்தார்.

டயானா கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாயிருந்த வெள்ளை நிறக் கரு ஒன்றை ஊசியால் கீறினாள். உள்ளேயிருந்து சோப்புக் குமிழ் மாதிரி ஒன்று, தெரிந்தும் தெரியாமலும் வந்தது. அதுதான் உட்கரு, அதைப் பக்குவம் செய்ய நேரமாகும் என்று சொல்லி, முந்தின நாள் தயாரித்த கண்ணாடித் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள்.

"பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்குதே," என்றார் பாக்கியசாமி.

அந்தக் காலத்து விஞ்ஞானிகளும் அதையேதான் சொன்னார்களாம். லாந்தர் சிம்னி துடைக்கிற பிரஷ் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். முட்டை வளருகிற காலத்தில் மட்டும் குரோமோசோம் இப்படி நீண்டு, இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாக விரியும் என்றாள். இங்கே தெரிவது இரண்டு; ஒன்று கோழிக்கு அம்மா வழியில் வந்தது, மற்றொன்று அப்பா வழியில் வந்தது. இரண்டும் அங்கங்கே பிணைந்து ஜோடியாகவே நிற்கும்.

"இதுங்களுக்கே ஜோடி போட்டு வச்சிருக்கான் பாரு ஆண்டவன்," என்று அவர் உருகிப் போனார்.

"ஆனா அறுத்த உடனே கொண்டாந்துடணும்பா. லேட்டாக லேட்டாக இழையெல்லாம் சுருங்கிப் போயிடும். ஐஸ்ல வச்சாலும் எனக்கு பயம்தான்," என்றாள் டயானா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மூன்று முறை பார்த்தார். ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்; அரிசியில் வண்டு வந்துவிட்டதா என்று அவர் மனைவி அந்தோணிமேரி பதில் அனுப்பினாள். எதுவும் அவர் சந்தோஷத்தைக் குறைக்கவில்லை. முகையூருக்குப் போன் போட்டு, பத்துப் பேராக வாருங்கள், மதியம் பிரியாணி நம் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம்தான் மனசு உறுத்தியது. தங்கமான பிள்ளையைச் சந்தேகப்பட்டு, ஹெல்மெட்டோடு ஒளிந்து பார்த்தோமே. பாவம், தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ்ஸில் இடிபடுகிறாள். அப்பாவென்று இருந்து இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தெருமுனைக் கோழிக்கடைக்குப் போனார். கடைக்காரர் சவுரிராயனைத் தனியாகக் கூப்பிட்டு, நாளை முதல் முட்டைக்கோழி அறுத்தால் கருவை டயானாவுக்கு எடுத்து வைக்க வேண்டும், என்ன ஆனாலும் அவளுக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, பிள்ளை திக்குமுக்காடிப் போக வேண்டும் என்று குதூகலமாகச் சொன்னார்.

சவுரிராயன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எடுத்து வைக்கறேன்னு நானே எப்பவோ சொன்னேண்ணா, பாப்பாதான் திண்டிவனத்துக் கோழிதான் வேணும்னுச்சு."